சபராளிகளின் தீவில் ஆறு நாட்கள்

தமிழகத்தின் கீழைக் கடற்கரையோர முஸ்லிம் குடும்பங்களில் 'பினாங்கு' என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர்கள் மிகச் சிலரே. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் தொடங்கி இராமநாதபுரத்துக் கடலோர ஊர்கள் வரையிலும், உள்நாட்டில் கடையநல்லூரிலும், வீட்டுக்கொருவர் என்று சொல்லுமளவுக்கு ஆண்கள் அத்தீவை நோக்கிக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. பொருள் தேடிக் கடல் கடந்தவரைச் 'சபராளி' என்று அழைத்தோம். சபராளி ஊர் திரும்பும் நாள் அத்தெருவுக்கே பெருநாள். அவர் மீண்டும் புறப்படும் நாளின் துயரமோ அவ்வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமே உரியது.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என மக்களை ஏற்றிச் சென்றது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1984-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது. இக்கப்பல்களில் சென்ற ஆடவர் பல்லாயிரவர். அவர்தம் மனைவியரில் பினாங்கைக் கண்ணால் கண்டவர்களோ மிகக் குறைவு.

அந்தத் தீவுக்கு 2024 ஜூலை மாதத்தில் நானும் என் துணைவியாரும் ஒன்றாகச் சென்று வந்தோம். பணி நிமித்தம் அழைக்கப்பட்டவர் அவர். உடன் சென்றவன் நான்.

அழைப்பு வந்தது அவருக்கு

என் துணைவியார் பெண்கள் கல்லூரி ஒன்றில் உணவியல் கற்பிக்கும் பேராசிரியை. நீரிழிவு உடையவர்கள் ரமலான் நோன்பு நோற்கும்போது ஸஹரிலும் இஃப்தாரிலும் எவற்றை, எந்த அளவில் உண்பது தகும் என்பது குறித்துப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வருபவர். மூன்று நாள் நடைபெற்ற சத்துணவு மாநாடொன்றில் இப்பொருள் பற்றிக் கட்டுரை படிக்க அவருக்கு அழைப்பு வந்தது. மலேசிய அரசு 2019-இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி அந்நாட்டு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அங்கே மிகுந்த வரவேற்பு இருக்கும் என்று அழைத்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

அவருடைய பயணச் செலவை மாநாட்டார் ஏற்றுக்கொண்டனர். என் செலவு எங்களுடையது. பிள்ளைகளை என் தாயாரிடம் விட்டுச் செல்வதென முடிவாயிற்று. ஊரில் நண்பர் சிலர், "மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்ன விடை இதுதான்: "என் பாட்டனார் பினாங்கில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தார். அத்தனை ஆண்டுகளும் ஒரு குடும்பத்தின் சுமையை என் பாட்டியார் ஊரில் தனியே தூக்கினார். அதே ஊருக்கு நான் ஆறு நாள் ஒரு பையைத் தூக்கினால் என்ன குறைந்துவிடும்?"

புறப்படுவதற்கு முன் ஓரிரவு இருவரும் அமர்ந்து மாநாட்டு நிகழ்ச்சி நிரலை முன்னே வைத்துப் பேசிக்கொண்டோம். மூன்று நாட்களின் பகற்பொழுது மாநாட்டுக்கு உரியது. அதில் நான் குறுக்கிடுவதில்லை. மாலைப் பொழுதும், அதன்பின் சேர்த்துக்கொண்ட இரண்டு நாட்களும் எங்களுக்கு உரியவை. அவற்றில் மாநாடு குறுக்கிடுவதில்லை. இத்துடன் அவர் ஒரு வேண்டுகோளும் விடுத்தார்: "நான் கூட்டத்தில் இருக்கும்போது நீங்கள் எங்கு வேண்டுமானாலும் சென்று வாருங்கள். பாட்டனார் இருந்த சூலியா தெருவுக்கு மட்டும் தனியே போய்விட வேண்டாம். அங்கே நானும் வர வேண்டும்."

பாக்குத் தீவு

மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. 'புலாவ் பினாங்' எனில் பாக்குத் தீவு. சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தீவில் 1786-இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். கெடா சுல்தானின் ஆட்சிப் பகுதியான அக்கரையோரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு முன்னரே தொடர்பு கொண்டிருந்தார்கள். புதிய துறைமுகம் எழுந்ததும் அவர்கள் அங்கே பெருமளவில் குடியேறினார்கள்.

மூன்று நாட்களும் காலையில் அவரை மாநாட்டு மண்டபத்தில் விட்டுவிட்டு நான் நகரைச் சுற்றினேன். தலைநகர் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஓடு வேய்ந்த பழைய கடைவீடுகள் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றன. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்புறம் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஒரு தாழ்வாரம். பாட்டனார் காலத்துச் சபராளிகள் பலர் இத்தகைய கடைகளின் மேல்தளத்தில்தான் பாய் விரித்துப் படுத்தார்கள்.

துறைமுகத்தில் படகேறி எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் சென்று திரும்பினேன். 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர்ப் பாலமும், 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர்ப் பாலமும் தீவை நிலப்பகுதியோடு இணைத்துவிட்டன. எனினும் படகுப் போக்குவரத்து நிற்கவில்லை. நீரிலிருந்து பார்க்கும்போது கோட்டையும் மணிக்கூண்டும் பின்னே மலையும் ஒருசேரத் தெரிந்தன. கப்பலில் வந்த நம் முன்னோர் முதன்முதல் கண்ட காட்சி இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆச்சே தெருப் பள்ளிவாசல் 1808-இல் கட்டப்பட்டது. சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்த அரபு வழித்தோன்றலான செல்வர் ஒருவர் அதை நிறுவினார். கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் சுற்றுவட்டார நாடுகளின் ஹாஜிகள் இப்பள்ளியைச் சூழ்ந்த தெருக்களில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். இதனால் இப்பகுதி 'இரண்டாம் ஜித்தா' என்றே பெயர் பெற்றது.

மாலை வெளிச்சம் ஒரு கொடை

மலேசியாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஜூலையில் பினாங்கில் மக்ரிப் நேரம் மாலை ஏழே முக்கால் மணியை ஒட்டி வருகிறது. ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தாலும் இருள்வதற்கு இரண்டரை மணி நேரம் எஞ்சியிருக்கும். பணிக்காக வரும் தம்பதியருக்கு இது அல்லாஹ்வின் அருட்கொடை என்றே சொல்வேன்.

முதல் மாலை வடகரையிலுள்ள பத்து பெரிங்கி கடற்கரைக்குச் சென்றோம். 'பெரிங்கி' என்பது நம் 'பரங்கி'தான்; 'பத்து' என்றால் பாறை. பரங்கிப் பாறை என்று பெயரிட்டால் நம்மூர்க் கடற்கரை போலவே தோன்றுகிறது. படங்களில் காணும் நீலக் கடல் இங்கு இல்லை. நீர் சற்றே கலங்கியிருக்கும். கொட்டும் சொறிமீன்களும் உண்டு என்பதால் நீந்த விரும்புவோர் எச்சரிக்கைப் பலகைகளைப் படித்து இறங்க வேண்டும். நாங்கள் மணலில் நடந்ததோடு சரி. திருமணமாகிப் பதினாறு ஆண்டுகளில், பிள்ளைகளின் படிப்பையோ வீட்டுச் செலவையோ பேசாமல் ஒரு மணி நேரம் நடந்தது அன்றுதான் என்று அவர் சொன்னார்.

இரண்டாம் மாலை தஞ்சோங் பூங்காவில் கடல்நீரின்மேல் தூண்களில் எழுப்பப்பட்ட பள்ளிவாசலில் மக்ரிப் தொழுதோம். மலேசியப் பள்ளிவாசல்களில் பெண்கள் தொழுவதற்குத் தனியிடம் இருப்பது வழக்கம். நம்மூரில் கடைத்தெருவுக்கோ வெளியூருக்கோ சென்ற பெண்கள் தொழுகைக்கு இடந்தேடி அலைவதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். தொழுது முடித்து வெளியே வந்தபோது தூண்களில் அலை மோதும் ஓசை கேட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது; பினாங்கில் 52 பேர் மாண்டார்கள். அதே அலை எதிர்த்திசையில் வங்கக் கடலைக் கடந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கப்பல்கள் இணைத்திருந்த இரு கரைகளையும் ஒரே நாளில் ஒரே துயரம் தொட்டது. அதை எண்ணி இருவரும் துஆச் செய்தோம்.

ஒரு சோதனை

மாநாட்டின் இரண்டாம் நாள் என் துணைவியார் கட்டுரை படித்தார். பேரீச்சம்பழத்தின் எண்ணிக்கை, நோன்புக் கஞ்சியில் அரிசிக்கும் பருப்புக்கும் உரிய பங்கு, ஸஹரைப் பிற்படுத்தி உண்பதால் விளையும் நன்மை, இன்சுலின் எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்பதன் ஆபத்து ஆகியவற்றை அவர் விளக்கினார். கஞ்சி பற்றிப் பேசியதும் அரங்கிலிருந்த மலாய்ப் பெண்கள் பலர் தலையசைத்தார்களாம். காரணம், ரமலானில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் காய்ச்சி வழங்கப்படும் கஞ்சி பினாங்கில் பெயர்பெற்றது. அதன் பெயரும் 'கஞ்சி'தான். சோழ மண்டலக் கரையிலிருந்து சென்ற சொல்லும் சுவையும் அங்கே ஊன்றி நிற்கின்றன.

அன்று மாலை அவர் முகத்தில் மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்து தெரிந்தன. நோன்பாளிகளுக்கான பொதுவான உணவு வழிகாட்டியொன்றை எழுத ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அக்குழு வியாழக்கிழமை முழுவதும் கூடுகிறது. அதில் இருக்குமாறு அவரைக் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமையோ எங்களுக்கென ஒதுக்கிய இரண்டு நாட்களில் ஒன்று.

"நீங்கள் சொன்னால் மறுத்துவிடுகிறேன்" என்றார் அவர். நான் உடனே விடை சொல்லவில்லை. அந்த வழிகாட்டி எத்தனையோ வீடுகளில் நோயாளிகளுக்குப் பயன்படும். அதே நேரத்தில், 'இந்த ஒருமுறை மட்டும்' என்று சொல்லிச் சொல்லியே நம் முன்னோரின் பயணங்கள் இருபது ஆண்டுகளாக நீண்டன என்பதும் என் நினைவுக்கு வந்தது. இறுதியில் அவரே வழி கண்டார். நண்பகல்வரை இருந்து தம் பகுதியை எழுதித் தருவதாகவும், எஞ்சியதை ஊரிலிருந்து அனுப்புவதாகவும் கூறினார். குழுவினர் மனமுவந்து ஏற்றுக்கொண்டனர்.

வியாழன் பிற்பகல் பினாங்கு மலைக்குச் சென்றோம். 1923-இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் செங்குத்துப் பாதையில் ஏறுகிறது. முன்பெல்லாம் நடுவழியில் வண்டி மாற வேண்டியிருந்தது. 2011-இல் புதிய வண்டிகள் வந்தபின் ஒரே ஓட்டத்தில் சில நிமிடங்களில் மேலே சேர்ந்துவிடலாம். 833 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் குளிர்ந்த காற்றும் அடர்ந்த காடும் உள்ளன. கீழே நகரமும் இரு பாலங்களும் கடலும் விரிந்து கிடக்கின்றன. மேலே ஒரு பள்ளிவாசலும் உண்டு. அங்கே அஸர் தொழுதோம்.

சூலியா தெருவில்

வெள்ளிக்கிழமை காலையில் சூலியா தெருவுக்கு இருவரும் சேர்ந்து சென்றோம். 'சூலியா' என்பது சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கு அந்நாட்டார் இட்ட பெயர். அத்தெருவின் ஒரு மூலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் மக்கள் தம் ஊரை நினைந்து எழுப்பிய தர்கா இருக்கிறது. சுற்றிலும் நாணய மாற்றுக் கடைகள், துணிக்கடைகள், தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகள். நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தியதும் இந்தப் பினாங்கில்தான்.

பாட்டனார் கணக்கெழுதிய மளிகைக் கடையைத் தேடினோம். கதவெண் மாறிவிட்டது. கடையும் இல்லை. அந்த வரிசையில் தங்கும் விடுதியும் சிற்றுண்டிக் கடையும் இருந்தன. ஆயினும் தெரு அதேதான், தாழ்வாரமும் அதேதான்.

பாட்டனார் மூன்றாண்டுக்கு ஒருமுறை, சில வேளைகளில் நான்காண்டுக்கு ஒருமுறை ஊர் வந்தார். ஐந்து பிள்ளைகளில் நால்வர் பிறந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். செய்தி கடிதத்தில் வந்தது. பெயரும் கடிதத்திலேயே போயிற்று. பாட்டியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் எழுதிய கடிதத்தை அண்டை வீட்டுப் பையன் உரக்கப் படிக்கக் கேட்பார். சொல்ல விரும்பிய மறுமொழியில் பாதியை அப்பையனிடம் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிடுவார். இவற்றையெல்லாம் அவர் தம் முதுமையில் என் துணைவியாரிடம்தான் சொல்லியிருந்தார், என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோதுதான் என் துணைவியார் அதை எனக்குச் சொன்னார். நான் தனியே வந்திருந்தால் எனக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

பாட்டனாரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீடு எழுந்தது; என் தந்தையார் படித்தார். வறுமையும் சட்டங்களும் கப்பற்கட்டணமும் அந்தத் தலைமுறைக்கு வேறு வழி விடவில்லை. இருப்பினும் பிரிவின் விலையை இஸ்லாம் அறியாமல் இல்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாதக் கணக்கையே வரம்பாக வைத்த சமுதாயம் நாம். ஆண்டுக் கணக்கை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். வளைகுடா நாடுகளுக்குச் சென்றுள்ள நம் இளைஞர்களின் வீடுகளில் அவ்வழக்கம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

அங்கிருந்து ஜும்ஆவுக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அடைந்தோம். தென்னிந்திய மக்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் என்னும் வணிகர், 1801-இல் கம்பெனி அரசு வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் இதற்கு அடிகோலினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதாக்கப்பட்டு, முகலாயப் பாணிக் குவிமாடங்களுடன் இன்று பொலிவோடு விளங்குகிறது. இப்பள்ளி நிற்கும் தெருவிலேயே ஆங்கிலேயரின் தேவாலயமும் சீனர் கோயிலும் அருகருகே இருப்பது காண்போர் உள்ளத்தைக் கவர்கிறது.

தொழுகைக்குப்பின் 'நாசி கண்டார்' உண்டோம். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதால் வந்த பெயர் இது. பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். உணவியல் பேராசிரியையின் எதிரில் அமர்ந்து இரண்டாம் முறை சோறு கேட்பது எளிதன்று என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

புறப்படுவோர் கவனத்திற்கு

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா செல்லும் சலுகை 2023 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சலுகைகள் கால வரம்புக்கு உட்பட்டவை. பயணச்சீட்டு எடுக்குமுன் அப்போதைய விதியை உறுதிசெய்துகொள்க. மாநாட்டுக்குச் செல்வோர் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதும், எந்த வகை அனுமதி வேண்டும் என்பதை அழைத்தவர்களிடமே எழுதிக் கேட்டுக்கொள்வதும் நலம். மின்னணு வருகைப் படிவத்தை மலேசியா சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 2017 முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி பெறப்படுகிறது. அறை வாடகையோடு இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பினாங்கில் சீனர் உணவகங்கள் மிகுதி. ஹலால் முத்திரையைப் பார்த்து உண்ணுங்கள். விடுதி அறைகளில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி கூரையிலோ மேசை இழுப்பறையிலோ பெரும்பாலும் இருக்கும். கஸ்ரு, ஜம்உ தொழுகைகள் தங்கும் நாட்களைப் பொறுத்தவை. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு. ஊரிலேயே ஆலிமிடம் கேட்டுச் செல்லுங்கள். ஜூலை மாதம் துரியான் பழத்துக்கும் பருவம். அதன் மணம் காரணமாக விடுதிகளும் விமானங்களும் அதை உள்ளே விடுவதில்லை. வாங்கிய இடத்திலேயே உண்டுவிட வேண்டும்.

பணியையும் ஓய்வையும் ஒரே பயணத்தில் இணைப்போர் நாட்களைப் புறப்படுமுன்பே பகிர்ந்துகொள்ள வேண்டும். பணிக்குரிய பொழுதில் துணை பொறுமை காக்க வேண்டும். துணைக்குரிய பொழுதைப் பணி விழுங்க விடக் கூடாது. இடையே புதிய தேவை எழுந்தால் ஒருவரே முடிவெடுக்காமல் இருவரும் கலந்து பேச வேண்டும். செலவுக்கு வழியில்லையெனில் பினாங்குதான் வேண்டுமென்பதில்லை. கணவர் வியாபார நிமித்தம் செல்லும் பக்கத்து ஊருக்கு ஒருமுறை மனைவியும் உடன் செல்லலாம். மனைவியின் பணிக்காகக் கணவரும் உடன் செல்லலாம்.

பயணத்தின் தேவை நிறைவேறியதும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்ல வாய்த்தவர்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். வாய்க்காமல் கடலுக்கு அப்பால் உழைத்துக்கொண்டிருக்கும் சபராளிகளுக்கும், இங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் அவர்தம் இல்லத்தரசிகளுக்கும் வல்ல அல்லாஹ் விரைவில் ஒன்றுசேரும் பேற்றை அருள்வானாக! ஆமீன்.